ஷகாப்பா இல்லம், காலிம்போங்

1950 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலகத்துக்கு வடக்கு வங்காளத்தின் மலையூர் ஒன்றிலிருந்து நீண்ட தந்தி ஒன்று சென்று சேர்ந்தது. சீனப் படை திபெத்தின் கிழக்கு எல்லையைக் கடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தங்கள் நாடு படைவலிமையால் விழுங்கப்படுகிறது, உலக நாடுகள் தலையிட வேண்டும் என்று அந்தத் தந்தி முறையிட்டது. திபெத்தின் அமைச்சரவையான கஷாக்கும் அதன் தேசியப் பேரவையும் அனுப்பிய விண்ணப்பம் அது. அடியில் இருந்த முகவரி பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது: திபெத்தியத் தூதுக்குழு, ஷகாப்பா இல்லம், காலிம்போங். ஒரு நாடு தன் உயிருக்காக எழுதிய விண்ணப்பம் ஒரு தனி மனிதரின் வீட்டு முகவரியைத் தாங்கிப் போயிருக்கிறது. அதை எடுத்துப் பேச எல் சால்வடார் என்ற சிறிய நாடு மட்டுமே முன்வந்தது. அமைதியான தீர்வுக்கு இன்னும் வழி இருக்கிறது என்று பிரிட்டனும் இந்தியாவும் சொன்ன கருத்தை ஏற்று, நவம்பர் 24 அன்று சபையின் பொதுக்குழு அந்த விவாதத்தைத் தள்ளிவைத்தது.

அந்த வீட்டுக்கு உரியவர் வாங்சுக் தேதென் ஷகாப்பா. லாசா அரசில் செபோன் என்ற பதவியில் இருந்தவர். வருவாய்க்கும் கணக்குக்கும் பொறுப்பான உயர் அதிகாரி என்று அதைச் சொல்லலாம். நான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு என் தொழிலும் ஒரு காரணம். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பட்டா, சிட்டா, அடங்கல், ஆண்டுதோறும் ஜமாபந்தி என்று பதிவேடுகளுக்கு நடுவிலேயே என் காலம் கழிந்தது. அந்தப் பதிவேடுகளில் கையெழுத்திடும் ஊழியனுக்கு, தான் எழுதும் கணக்கின் பின்னால் ஓர் அரசு இருக்கிறதா என்ற ஐயம் ஒருநாளும் எழுவதில்லை. காலடியில் தரை இருப்பதைப் போல அரசும் இருக்கிறது. ஷகாப்பாவுக்கு நாற்பத்து நான்கு வயதில் அந்தத் தரை இல்லாமற் போயிற்று. அதன் பிறகு அவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அளக்க நிலமும் வசூலிக்க வரியும் ஆணையை நிறைவேற்றக் காவலரும் இல்லாத நிலையில் ஓர் அதிகாரிக்கு என்ன வேலை மிஞ்சும் என்ற கேள்விக்கு அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளே விடை. பதிவைக் காப்பதும், அதைக் கேட்க மனமில்லாத உலகத்தின் முன் மீண்டும் மீண்டும் எடுத்துவைப்பதுமே அவருடைய வேலையாக இருந்தன. நாடிழந்தவர் மனத்தேறுதலுக்காகச் செய்யும் காரியமாக இதைக் கருதுவோர் உண்டு. அரசுப் பணியிலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்கும் சாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஷகாப்பா 1907 ஜனவரி 11 அன்று லாசாவில், அரசுப் பணியில் இருந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத் திபெத்திய நிர்வாகம் இரண்டு கிளைகளாக நடந்தது. துறவி அதிகாரிகள் ஒரு கிளை, இல்லறத்து அதிகாரிகள் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் 175 பேர் என்பது மரபுக் கணக்கு. இல்லறத்து அதிகாரிகள் பெரும்பாலும் பிரபுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்து, இடக் காதில் நீளமான பச்சைக்கல் தொங்கட்டான் அணிந்து அவர்கள் அலுவலகம் சென்றார்கள். கணக்கு அலுவலகமான சிகாங்குக்கு நான்கு செபோன்கள் தலைமை வகித்தனர். இல்லறத்து அதிகாரிகளாகச் சேரும் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்ததும் அந்த அலுவலகம்தான்; குச்சிகளையும் கூழாங்கற்களையும் விதைகளையும் பரப்பிவைத்து வரிக்கணக்கைக் கூட்டிக் கழிக்கும் முறையை அவர்கள் அங்கே கற்றார்கள். நான்கு செபோன்களும் துறவிக் கிளையின் நான்கு தலைமைச் செயலர்களும் சேர்ந்து தேசியப் பேரவையின் கூட்டங்களை நடத்தினார்கள். ஆகவே செபோன் என்பவர் கணக்கர் மட்டும் அல்லர், அரசியலின் நடுக்கூடத்தில் அமர்ந்திருந்தவர். ஷகாப்பா 1930இல் தம் இருபத்து மூன்றாம் வயதில் கருவூல அலுவலகத்தில் சேர்ந்தார். 1939இல் செபோன் ஆனார்.

அவர் பணியில் சேர்ந்த மறு ஆண்டு நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சியே அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று நான் கருதுகிறேன். அவருடைய தாய்மாமன் திரிமோன், கஷாக்கில் அமைச்சராக இருந்தவர். 1913-14இல் பிரிட்டிஷ் இந்தியா, சீனா, திபெத் ஆகிய மூன்று தரப்பும் சிம்லாவில் பேச்சு நடத்தியபோது, திபெத்தின் தலைமைப் பிரதிநிதி ஷத்ராவுக்கு உதவியாளராகச் சென்றவர் அவர். கிழக்குத் திபெத்தின் எந்தெந்தப் பகுதி லாசாவுக்கு உரியது என்பதே சிம்லாவில் பெரும் வழக்காக இருந்தது. அதை நிறுவுவதற்காக ஷத்ரா, அந்தப் பகுதிகளின் குடும்பக் கணக்குகளையும் வரிப் பதிவேடுகளையும் கொண்டுசென்று மேசைமேல் வைத்தார். அந்தப் பேச்சுகள் தொடர்பான ஆவணங்கள் திரிமோனிடம் இருந்தன. 1931இல் அவற்றை மருமகனிடம் கொடுத்து, நாட்டின் வரலாற்றைக் கற்றுக்கொள் என்று அவர் தூண்டினார். வரிவசூல் ஏடு ஒரு நாட்டின் எல்லைக்குச் சாட்சியாக நிற்க முடியும் என்பதை, வரிக்கணக்கு எழுதவே அமர்த்தப்பட்ட இளைஞர் ஒருவர் அந்தக் காகிதங்களிலிருந்து தெரிந்துகொண்டார். கிராமத்துப் பதிவேட்டின் ஓரம் கிழிந்திருப்பதைக் கண்டால் மனம் பதைக்கும் எங்களைப் போன்றோருக்கு அந்த அறிவின் எடை புரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திபெத்தின் நிலை தனித்தே இருந்தது. தனக்கென நாணயமும் அஞ்சலும் படையும் வைத்திருந்த அந்த நாட்டுக்கு உலகத் தலைநகரங்களில் தூதரகம் கிடையாது. 1947 இறுதியில் லாசா ஒரு வணிகக் குழுவை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஷகாப்பா அதன் தலைவர். திபெத்தின் கம்பளி காலிம்போங் வழியாகக் கல்கத்தாவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்றது. அதற்குரிய டாலரை இந்திய ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டு ரூபாயாகக் கொடுத்தது. டாலரை நேரடியாகப் பெறுவதும், திபெத்திய நாணயத்துக்குப் பின்பலமாகத் தங்கம் வாங்குவதும் குழுவின் வெளிப்படையான நோக்கங்கள். வெளியே சொல்லாத நோக்கம், திபெத் தனி நாடு என்பதை ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும் பதியவைப்பது. அதற்காகவே கஷாக் தன் முத்திரையிட்டுக் கடவுச்சீட்டுகள் வழங்கியது. அந்தக் காகிதத்தைக் கண்டு பெரிய அரசுகள் பட்ட சங்கடம் கொஞ்சம் அல்ல. நான்கிங்கில் இருந்த சீன அரசு, குழுவினர் சீனக் கடவுச்சீட்டில் பயணம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியது, அவர்கள் இணங்கவில்லை. ஹாங்காங்கில் இருந்த அமெரிக்க அலுவலகம் விசா கொடுத்தது, ஆனால் தான் அங்கீகரிக்காத அரசுகளின் பயணிகளுக்கென வைத்திருந்த தனிப் படிவத்தில் கொடுத்தது. பிரிட்டிஷ் விசா காலாவதியானபோது, சீனாவின் எதிர்ப்புக்கு அஞ்சி, புதிய விசாவுக்குப் பதில் வேறொரு உறுதிச்சான்று தரலாமா என்று லண்டன் தயங்கியது. ஷகாப்பா அதை மறுத்துவிட்டார். கடைசியில் பழைய விசாவில் மூன்று மாதம் என்று இருந்ததை ஒன்பது மாதமாகப் பேனாவால் திருத்தி வழி கண்டார்கள்.

1948 ஆகஸ்ட் 6 அன்று வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷலை அவர்கள் சந்தித்தார்கள். அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஐசன்ஹோவரையும் லண்டனில் பிரதமர் அட்லியையும் கண்டார்கள். அமெரிக்கா தங்கம் விற்க ஒப்புக்கொண்டது. ஆனால், திபெத்தின் மீது சீனாவுக்குள்ள உரிமையைத் தாங்கள் மறுக்கவில்லை என்று சீன அரசிடம் அது தனியே சொல்லிவைத்தது. குழு கடவுச்சீட்டில் முத்திரைகளோடு திரும்பிற்று. கையில் அங்கீகாரம் இல்லை. இந்த இடத்தில் பலரும் அந்தப் பயணத்தைத் தோல்வி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாடு தன் பெயரில் வழங்கிய பயண ஆவணத்தைப் பிற நாட்டு அதிகாரிகள் கையில் வாங்கிப் பார்த்து அதன்மேல் முத்திரை இட்டார்கள் என்பது பின்னால் எந்த வாதத்தாலும் அழிக்க முடியாத செய்தி. பல ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்த ஷகாப்பாவின் அந்தக் கடவுச்சீட்டு நேபாளத்தில் பழம்பொருள் வணிகர் ஒருவரிடமிருந்து மீட்கப்பட்டு, 2004இல் தலாய் லாமாவிடம் காட்டப்பட்டது. இந்தியா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளின் முத்திரைகள் அதில் இருக்கின்றன.

1950ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெய்ஜிங்கின் புதிய கம்யூனிஸ்ட் அரசோடு பேச ஷகாப்பாவையும் துறவி அதிகாரி துப்டென் கியல்போவையும் லாசா அனுப்பியது. ஹாங்காங்குக்குப் போக வேண்டியவர்கள், பிரிட்டன் விசா மறுத்ததால் இந்தியாவிலேயே காத்துக்கிடந்தார்கள். செப்டம்பரில் டெல்லியில் நேருவைக் கண்டார்கள். செப்டம்பர் 16 அன்று புதிய சீனத் தூதர் யுவான் சோங்சியானைச் சந்தித்தபோது, திபெத் சீனாவின் பகுதி என்று ஏற்க வேண்டும், அதன் பாதுகாப்பைச் சீனா பார்த்துக்கொள்ளும், வெளியுறவும் அயல் வணிகமும் சீனாவின் கையில் இருக்கும் என்ற நிபந்தனைகளை அவர் வைத்தார். ஷகாப்பா அவற்றை லாசாவுக்குத் தெரிவித்து ஆணைக்குக் காத்திருந்தார். லாசா தயங்கியது, காலம் கேட்கச் சொன்னது. அக்டோபர் 7 அன்று சீனப் படை எல்லையாக ஓடிய யாங்சி ஆற்றைக் கடந்தது. சில நாட்களில் கிழக்குத் திபெத்தின் தலைமை நகரான சாம்டோ விழுந்தது. எல்லையிலிருந்து அவசரச் செய்திகள் வந்துகொண்டிருந்தபோது, அமைச்சர்கள் வெளியில் விருந்துக் கொண்டாட்டத்தில் இருப்பதால் விடை தர இயலாது என்று லாசாவிலிருந்து பதில் போன கதை திபெத்தியர்களிடையே இன்றும் கசப்போடு சொல்லப்படுகிறது. தூரத்தில் அமர்ந்து தலைமையின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் அதிகாரியின் வேதனையை அரசுப் பணியில் இருந்த எவரும் உணர்வர். ஷகாப்பா காத்திருந்தது ஒரு நாட்டின் முடிவுக்காக.

அந்த நவம்பர்த் தந்தியும் பயன் தராமற்போன பின், 1951 மே 23 அன்று பெய்ஜிங்கில் பதினேழு அம்ச ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எல்லையோரத்து யாதுங்கில் தங்கியிருந்த இளம் தலாய் லாமா லாசாவுக்குத் திரும்பினார். ஷகாப்பா திரும்பவில்லை. காலிம்போங்கில் இருந்த தம் வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த ஒப்பந்தத்தின் கீழ் நடக்கும் லாசா நிர்வாகத்தில் பதவி வகிக்க அவர் விரும்பவில்லை. கம்பளிச் சுமையோடு கோவேறு கழுதைகள் வந்திறங்கும் சந்தையூராக இருந்த காலிம்போங், அந்த ஆண்டுகளில் திபெத்திய வணிகர்களும் பிரபுக்களும் சீன, இந்திய, மேலை நாட்டு உளவாளிகளும் ஒரே தெருவில் நடமாடும் இடமாக மாறியிருந்தது. நேருவே அதை ஒற்றர்களின் கூடு என்று நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டார். தலாய் லாமாவின் அண்ணன் கியாலோ தொண்டுப், துறவி அதிகாரி லோப்சாங் கியல்ட்சென், ஷகாப்பா ஆகிய மூவரும் 1954இல் ஒன்றுசேர்ந்து திபெத் நலச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அவ்வாண்டு கியான்சேயில் வந்த வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவது அதன் வெளிமுகம். ஆக்கிரமிப்புக்கு எதிரான முறையீடுகளை எழுதுவதும் செய்தி திரட்டுவதும் அதன் உள்வேலை. திபெத்திய எதிர்ப்பியக்கத்தின் ஆயுதப் பக்கமும் அமெரிக்க உளவுத்துறையின் உதவியும் கியாலோ தொண்டுப்பின் வழியாக வளர்ந்தவை. அது தனியே எழுத வேண்டிய கதை.

1956 இறுதியில் புத்தர் ஜயந்தி விழாவுக்காகத் தலாய் லாமா இந்தியா வந்தபோது, அவரை இங்கேயே இருந்துவிடுமாறு வற்புறுத்தியவர்களில் ஷகாப்பாவும் ஒருவர். சீனப் பிரதமர் சூ என்லாயும் நேருவும் திரும்புவதே நல்லது என்றார்கள். தலாய் லாமா திரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1959 மார்ச் 10 அன்று லாசாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மார்ச் 17 இரவு புறப்பட்ட தலாய் லாமா மார்ச் 31 அன்று இந்திய எல்லையைக் கடந்தார். ஏப்ரல் 29 அன்று முசூரியில் அவருடைய புலம்பெயர் அரசு அமைந்தது. எட்டு ஆண்டுகளாகத் தனியாளாகக் காத்துவந்த பதவிக்கு ஷகாப்பா அப்போது மீண்டும் உரியவரானார்.

அவ்வாண்டே கியாலோ தொண்டுப், ரிஞ்சென் சாதுட்சாங் ஆகியோருடன் அவர் நியூயார்க் சென்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டு முகவரியிலிருந்து போன விண்ணப்பம் ஒதுக்கப்பட்ட அதே சபையின் நடைக்கூடங்களில் நாடு நாடாகப் பிரதிநிதிகளைப் பார்த்து ஆதரவு கேட்டார்கள். அயர்லாந்தும் மலாயாவும் தீர்மானத்தைக் கொண்டுவந்தன. 1959 அக்டோபர் 21 அன்று திபெத்தியரின் மனித உரிமைகளை மதிக்கக் கோரும் தீர்மானம் 45 வாக்குகளால் நிறைவேறிற்று. 9 நாடுகள் எதிர்த்தன, 26 நாடுகள் நடுநிலை வகித்தன. தலாய் லாமாவுக்கு அடைக்கலம் தந்த இந்தியா அந்த வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தது. 1961இலும் 1965இலும் மேலும் இரண்டு தீர்மானங்கள் வந்தன. 1965இல்தான் இந்தியா ஆதரித்து வாக்களித்தது. திபெத் தனி நாடு என்று எந்தத் தீர்மானமும் சொல்லவில்லை. ஆனால் 1961இன் தீர்மானத்தில் சுயநிர்ணய உரிமை என்ற சொல் இடம்பெற்றது.

1966 வரை டெல்லியில் தலாய் லாமாவின் பிரதிநிதியாக ஷகாப்பா இருந்தார். ஏறத்தாழ 80,000 திபெத்தியர்கள் அந்த ஆண்டுகளில் இமயத்தைக் கடந்து வந்தார்கள். அசாமின் மிசாமாரியிலும் வங்காளத்தின் பக்ஸாவிலும் முகாம்கள் அமைந்தன. உயர்ந்த பீடபூமியின் குளிருக்குப் பழகியவர்கள் தாழ்நிலத்தின் வெக்கையிலும் நோயிலும் மடிந்தார்கள். பிழைத்தவர்கள் மலைச்சாலை போடும் கூலிகளாகச் சென்றார்கள். பிரபுக்களும் துறவிகளும் உழவர்களும் ஒரே வரிசையில் அமர்ந்து கல் உடைத்தார்கள். மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் கொடுத்தது. முதல் பெரிய குடியேற்றம் அங்கே எழுந்தது. இத்தனைக்கும் இந்திய அமைச்சகங்களோடு எழுத்துப் போக்குவரத்து நடத்தியாக வேண்டும்: ரேஷன், பள்ளிக்கூடம், நிலம், பயண அனுமதி, இறந்தவர் பட்டியல். வரலாற்று நூல்கள் இந்த வேலையை ஒரு வரியில் கடந்துபோகின்றன. மனிதர் உயிரோடு இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் இடையில் பல நேரங்களில் ஒரு கோப்பு நகர்வதே இருக்கிறது என்பதைக் கண்டவன் என்ற முறையில், அந்த வரியில் நான் அதிக நேரம் நிற்கிறேன்.

ஒரு கணக்கதிகாரியின் வாழ்க்கையை எழுதும்போது, அவரைச் சுற்றி எழுந்த கணக்குத் தகராறை விட்டுவிடுவது நேர்மையாகாது. 1950இல் தலாய் லாமா லாசாவை விட்டு எல்லைக்கு நகர்ந்தபோது, தங்கமும் வெள்ளியுமாக ஒரு பகுதிச் செல்வம் சிக்கிமுக்குக் கொண்டுவந்து வைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. 1959க்குப் பின் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விற்று, அந்தப் பணத்தைத் தொழில்களில் முதலீடு செய்தார்கள். புலம்பெயர் அரசின் செலவுக்கு நிலையான வருமானம் தேடும் முயற்சி அது. பெரும்பகுதி நட்டத்தில் போயிற்று. அந்த முதலீட்டில் ஷகாப்பாவின் பொறுப்பு எவ்வளவு என்பது பற்றி அவர் காலத்துக்குப் பின்னும் சச்சரவு நீடித்தது. கியாலோ தொண்டுப் தம் முதிய வயதில் அவரைக் கடுமையாகக் குற்றம் சாட்டினார், ஷகாப்பாவின் குடும்பத்தார் அதை மறுத்தார்கள். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். கம்பளி வரியும் தானியக் கிடங்கும் கொண்ட ஒரு நாட்டின் நிதியை நடத்தப் பழகியவர்கள், கல்கத்தாவின் பங்குதாரர்களுக்கும் ஆலைகளுக்கும் நடுவில், திரும்பி நிரப்ப முடியாத கருவூலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வரி வசூலிக்கும் நிலம் இருந்திருந்தால் அது ஓர் ஆண்டின் பற்றாக்குறையாக முடிந்திருக்கும். நிலம் இல்லாத அரசுக்கு அது ஆறாத காயமாயிற்று.

பிரதிநிதிப் பொறுப்பிலிருந்து விலகியபின் ஷகாப்பா முழுமையாக எழுத்தில் இறங்கினார். மாமன் கொடுத்த ஆவணங்களில் தொடங்கிய வேலை அது. காலிம்போங்கின் ஆண்டுகளிலும் டெல்லியிலும் ஏடுகளையும் கடிதங்களையும் பழைய ஒப்பந்தங்களையும் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். திபெத்தின் அரசியல் வரலாற்றை அவர் ஆங்கிலத்தில் 1967இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக வெளியிட்டார். நாடிழந்த அமைச்சகத்தின் முறையீட்டுக்குக் கதவு திறக்காத பல இடங்களில் அந்த நூல் உள்ளே நுழைந்தது. பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஆங்கில நூலோடு நின்றுவிடாமல், அதைவிட மிக விரிவாகத் திபெத்திய மொழியில் இரண்டு தொகுதிகள் எழுதி 1976இல் வெளியிட்டார். வெளியீட்டிடம்: ஷகாப்பா இல்லம், காலிம்போங். முதல் நூல் உலகத்தின் முன் வைத்த மனு. இரண்டாவது, முகாம்களில் பிறந்து நாட்டைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொத்துப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்த செயல்.

அந்த நூலின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரின் வரலாறு. மங்கோலிய, மஞ்சு பேரரசர்களுக்கும் லாமாக்களுக்கும் இடையில் இருந்த உறவைக் குரு, புரவலர் உறவாகவே அவர் தொடர்ந்து காட்டுகிறார். பேரரசின் அதிகாரம் லாசாவில் உண்மையாகவே செயல்பட்ட காலங்களை மென்மையாகக் கடந்துவிடுகிறார் என்று ஆய்வாளர்கள் குறை கூறியிருக்கிறார்கள். எனக்குள்ள குறை வேறு. வரிப் பதிவேட்டின் அருமையை அறிந்த மனிதர், அந்த வரியைச் சுமந்த உழவரைப் பற்றி மிகக் குறைவாக எழுதியிருக்கிறார். அரசு அதிகாரிகளின் பயணத்துக்குச் சுமைவிலங்குகளையும் ஆட்களையும் கூலியின்றித் தர வேண்டிய உலாக் என்ற கட்டாயச் சேவை அந்தச் சமூகத்தின் முதுகில் ஏறியிருந்தது. அவர் வகுப்புக்கு அது இயல்பாகத் தெரிந்திருக்கலாம். அந்த மௌனம், திபெத்தை விடுவித்ததாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு வசதியாகப் போயிற்று என்பதே வருத்தம்.

அவருக்குப் பின்வந்த அதிகாரிகளைக் காணும் ஆசையில் ஒருமுறை தர்மசாலாவுக்குச் சென்றிருந்தேன். மேலே மெக்ளியோட் கஞ்சுக்கும் கீழே தர்மசாலா நகருக்கும் நடுவில், மலைச்சரிவில் கங்சென் கிஷோங் என்ற வளாகம் இருக்கிறது. கஷாக், நாடாளுமன்றம், உள்துறை, நிதி, கல்வி, சுகாதாரம் என்று துறைகள் அங்கே பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றன. 1970இல் தொடங்கிய நூலகமும் ஆவணக் காப்பகமும் அருகிலேயே உள்ளன. அலுவலகங்களுக்குள் கோப்புகள் கட்டப்பட்டிருந்த விதம் எனக்கு நன்றாகப் பழக்கமான விதம். அங்குள்ள ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் பிறந்தவர்கள். வெளிநாட்டார் பதிவுச் சான்றிதழை உரிய காலத்தில் இந்தியக் காவல்துறையிடம் புதுப்பித்துக்கொண்டு, இந்திய அரசு வழங்கும் அடையாளச் சான்றிதழைக் கடவுச்சீட்டுக்கு ஈடாக ஏந்திப் பயணம் செய்துகொண்டு, எந்த நாடும் முறைப்படி அங்கீகரிக்காத ஓர் அரசின் பெயரால் கடிதங்களில் கையெழுத்திடுகிறார்கள். 1948இல் ஷகாப்பா நீட்டிய கடவுச்சீட்டைப் போன்ற ஒன்றை இன்று அவர்கள் யாரும் நீட்ட முடியாது.

ஆனால் அவர் காணாத ஒன்றை இவர்கள் கண்டிருக்கிறார்கள். 1960இல் தொடங்கிய மக்கள் பிரதிநிதிகள் அவை, 1991இன் சாசனத்தின் வழியாக முழுமையான சட்டமன்றம் ஆயிற்று. 2001இல் தலைமை அமைச்சரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சாம்தோங் ரின்போச்சே வென்றார். 2011இல் தலாய் லாமா தம் அரசியல் அதிகாரம் முழுவதையும் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் ஒப்படைத்தார். பச்சைப் புத்தகம் என்ற சிறு ஏட்டை நாட்டுக்கு வெளியே வாழும் திபெத்தியர்கள் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் விருப்பக் காணிக்கையாகச் செலுத்தும் தொகை அதில் பதியப்படுகிறது. அதைச் செலுத்தாவிட்டால் தண்டிக்கக் காவலர் இல்லை. ஆனாலும் செலுத்துகிறார்கள். வருவாய்த் துறையில் நான் பார்த்த எந்த வரியைவிடவும் அது என்னை நெகிழச் செய்தது. 2021 முதல் தலைமைப் பொறுப்பில் இருக்கும் பென்பா செரிங் பைலகுப்பேயில் பிறந்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் படித்தவர். உதகையின் கம்பளிச் சந்தையில் மட்டும் திபெத்தியரைக் கண்டு பழகிய நமக்கு, தாம்பரத்து வகுப்பறை ஒன்றிலிருந்து அவர்களுடைய அரசின் தலைவர் உருவாகியிருக்கிறார் என்ற செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

ஷகாப்பா 1989 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கடலோர நகரில், மகன் வீட்டில் காலமானார். அடுத்த மாதம் லாசாவில் மக்கள் மீண்டும் தெருவில் இறங்க, சீன அரசு அங்கே ராணுவச் சட்டத்தை அறிவித்தது. ஆண்டின் இறுதியில் தலாய் லாமா அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். இரண்டையும் அவர் அறியவில்லை. அவர் வைத்த வாதத்துக்கு 1950இல் படைகளால் விடை சொன்ன அரசு, அவருடைய திபெத்திய மொழி நூலை அறிஞர் குழுவிடம் கொடுத்து அதிகாரம் அதிகாரமாக மறுக்கச் செய்தது. அவர் நூலின் பெயரையே தலைப்பில் தாங்கிய அந்த மறுப்பு நூல் 1996இல் பெய்ஜிங்கில் வெளியாயிற்று. திபெத்திய மொழிப் பதிப்பின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் வந்தது. சிம்லா மேசைமேல் வைக்கப்பட்ட வரிப் பதிவேடுகளைப் பற்றிய பக்கங்களை இப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.